கொட்டாத குளவிகள்

1. பெருந்தொற்றின் இரண்டாவது வருடத்தில், நான் தாதியாக வேலை செய்யும் ஆதார வைத்தியசாலையின் வாசலை இரண்டாகப் பிரித்தார்கள். இடது பக்கம் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு. வலது பக்கம் மற்ற எல்லாம்.

2. இடது பக்கம் போனவர்களின் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தார்கள். தொற்று இருந்தால் அவர்கள் குடியிருக்கும் லயம் முழுவதையும் மூடினார்கள்.

3. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வைத்தியசாலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

4. குளவி கொட்டியவர்கள் மட்டும் வழக்கம்போல வந்தார்கள்.

5. பிறகு குளவி கொட்டியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஏன் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

6. ஒரு காலை, குளவி கொட்டிவிட்டது என்று சொல்லி என் அம்மாவை என் அக்கா அழைத்து வந்தாள்.

7. அக்கா தமிழில் சொன்னதை நான் வைத்தியருக்குச் சிங்களத்தில் சொன்னேன்.

8. வைத்தியர் குளவிக்கான ஊசியைப் போட்டார்.

9. அம்மாவைக் குளவி கொட்டியிருக்கவில்லை.

பயிற்சிக் கல்லூரியில் நோயாளியைப் பற்றி இப்படித்தான் எழுதப் பழக்கினார்கள். என்ன நடந்தது என்பதை மட்டும் வரிசையாக எழுது, உன் மனதில் பட்டதை எழுதாதே என்பார்கள். அந்தப் பழக்கத்தில் மேலே உள்ளதை எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது அந்த வரிசைக்குள் அடங்காதது.

என் வீடு கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு மேலே, பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகாக அடுக்கிய காம்பராக்கள், அதுதான் லயம். ஒரு காம்பராவில் அம்மா. இரண்டு கதவு தள்ளி அக்கா, அவளுடைய கணவர், பிள்ளைகள். அப்பா இல்லை. அம்மாவும் அக்காவும் கொழுந்து பறிப்பவர்கள். அந்த லயத்திலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் நான்.

நான் வேலை செய்வது அவசர சிகிச்சைப் பிரிவில். தொற்றுக்கு முன்னால் அந்தப் பிரிவைப் பார்த்தே எந்தக் காலம் நடக்கிறது என்று சொல்லிவிடலாம். சம்பளம் போட்ட மறுநாள் அடிபிடிக் காயங்கள் வரும். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் கத்தி பட்ட கால்கள். மழைக்காலத்தில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்த இடுப்புகள். பனி விழும் மாதங்களில் மூச்சு இழுப்புக்காரர்கள். இவற்றோடு மாரடைப்பும் பிள்ளை வலியும் வருடம் முழுக்க இருக்கும். வாங்குகள் போதாமல் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். சுடுதண்ணீர் பிளாஸ்க்கோடு வரும் உறவினர்களை வெளியே அனுப்புவதே எங்கள் வேலையில் பாதி.

வாசலை இரண்டாகப் பிரித்த பிறகு வாங்குகள் காலியாகின. ஆள் உட்காராத வாங்குகளை நாங்கள் கிருமிநாசினி போட்டுத் துடைத்தோம். “எல்லாருக்கும் நெஞ்சு வலி தானாவே சுகமாயிருச்சாக்கும்” என்று என்னோடு வேலை செய்த தாதி ஒருத்தி சொன்னாள். சிரித்தோம். ஆனால் கொஞ்ச நாளில் வேறு விதமாக வரத் தொடங்கினார்கள். லொறியில் படுக்க வைத்து, உதடு கறுத்து, பேச்சு நின்ற பிறகு வந்தார்கள். சிலரை வாசலில் வைத்தே பார்த்துவிட்டு, உள்ளே எடுக்கத் தேவையில்லை என்று வைத்தியர் கையை ஆட்டினார். அவர்கள் அதுவரை எங்கே இருந்தார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். லயத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார்கள்.

எங்கள் லயத்தையே ஒரு முறை மூடியிருந்தார்கள். நாலாங் காம்பரா அத்தைக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு. வழக்கம்போல ஆவி பிடிக்க வைத்தியசாலைக்கு வந்தாள். பரிசோதித்தார்கள், தொற்று இருந்தது. மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து லயத்தின் இரண்டு பக்கமும் மஞ்சள் நாடா கட்டினார். காலைப் பெரட்டுக்குப் போய் நின்றால்தான் அன்றைக்குப் பேர் போடுவார்கள். பேர் இல்லாவிட்டால் கூலி இல்லை. லயத்தில் யாருக்கும் பேர் இல்லை. உலர் உணவுப் பைகள் தாமதித்து வந்தன. கடைக்காரர் சாமானை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து கூப்பிட்டார். அதே மாதத்தில் உத்தியோகத்தர் குடியிருப்பில் ஒருவருக்குத் தொற்று வந்தபோது அவருடைய ஒரு வீட்டை மட்டும் மூடினார்கள்.

“எங்கள பாம்பப் பாக்குற மாதிரி பாக்குறாங்க” என்று அம்மா அப்போது போனில் சொன்னாள். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. லயத்து ஆட்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது என்பதை நான் எந்த இடத்திலும் மறுக்கப்போவதில்லை.

அந்த மாதங்களில் நான் தாதியர் விடுதியிலேயே தங்கியிருந்தேன். வீட்டுக்குப் போக விடுமுறை இல்லை; போனாலும் லயத்தில் ஏற்க மாட்டார்கள். மாலையில் வேலை முடிந்து குளித்ததும் அம்மாவோடு பேசுவேன். முன்பெல்லாம் எங்கள் பேச்சு சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான் என்பதோடு முடிந்துவிடும். என் வேலையைப் பற்றி அம்மா கேட்டதே கிடையாது. அவளுக்கு அது புரியாது என்று அவளே முடிவு செய்திருந்தாள். திடீரென்று அம்மா கேட்கத் தொடங்கினாள்.

“இன்னைக்கு யாரு யாரு வந்தாங்க?”

“பெருசா யாரும் வரலம்மா. குளவி கொட்டுனவங்க கொஞ்சப் பேரு.”

“அவங்களுக்கும் மூக்குல குத்துனாங்களா?”

“குளவி கொட்டுனதுக்கு மூக்குல எதுக்கும்மா குத்தணும்? நேரா உள்ள எடுத்து ஊசி போட்டு, கொஞ்ச நேரம் படுக்க வச்சு அனுப்பிருவோம்.”

“வார்டுல நிப்பாட்ட மாட்டாங்களா?”

“தேவையில்ல. வார்டுல போட்டாத்தான் பரிசோதனை எல்லாம்.”

“அப்ப மூச்சு வாங்குனா?”

“குளவி கொட்டுனா சில பேருக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். அதுக்குத்தான் அந்த ஊசியே.”

“அப்பிடியா” என்றாள் அம்மா. “எங்க போடுவாங்க, கையிலயா?”

தொடையில் என்று சொன்னேன். மருந்து எப்படி வேலை செய்கிறது என்றும் எளிமையாகச் சொன்னேன். எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடப் படிப்புக்குப் பிறகு அம்மா என் வேலைக்குள் எட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகு மற்றதையும் சொல்லத் தொடங்கினேன். தொற்றில் இறந்த ஒரு பெண்ணைப் பைக்குள் வைத்து மூடிய பிறகு சோற்றில் கை வைக்க முடியாமல் போனதைச் சொன்னேன். எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், கொரோனா நோயாளிகளைத் தொடுகிற பெண் வேண்டாம் என்று ஆளனுப்பிச் சொன்ன நாளில், போனிலேயே அழுதேன். அம்மா போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

குளவி கொட்டியவர்கள் கூடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். குளவி எங்களுக்குப் புதிதல்ல. தேயிலைச் செடிக்கு அடியிலோ மரக்கிளையிலோ கூடு இருக்கும். ஒருவர் தட்டிவிட்டால் அந்த மலையில் கொழுந்து பறிக்கும் பத்துப் பேரும் கொட்டு வாங்கி வருவார்கள். இப்போதோ ஒருவர் இருவராக வந்தார்கள். கைகளில் சிவந்த தடிப்பு, மூச்சிரைப்பு. ஊசியும் அதோடு போடும் மற்ற மருந்துகளும் பட்டதும் பெரும்பாலானவர்களுக்கு மூச்சுச் சீராகிவிடும். சரியாகிவிடுவதால் யாரும் சந்தேகப்படவில்லை. அந்த மருந்துகள் இழுப்பையும் தணிக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் வந்தவர்கள் இழுப்புக்காரர்கள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு பெரியவரிடம் எத்தனை குளவி கொட்டியது என்று கேட்டேன்.

“எண்ணலீங்க மிஸ். அதுகளும் பறக்குதுக, நானும் பறக்குறேன். எங்கிட்டு எண்ணுறது?”

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி, “ஆமா, இவரு பறந்தாரு. ரேஷனுக்கு வரிசையில நிக்கவே முக்கி முனகுற ஆளு” என்றாள். நான் சிரித்ததைப் பார்த்து வைத்தியர் என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் தென்பகுதியிலிருந்து வந்த இளைஞர், தமிழ் தெரியாது. நோயாளி சொல்வதெல்லாம் என் வழியாகத்தான் அவருக்குப் போகும். “உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலையை விடக் குளவிதான் நன்றாக விளைகிறது போலிருக்கிறது” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

குளவித் தொல்லை கூடிவிட்டதாக வைத்தியசாலையிலிருந்து தோட்டங்களுக்கு அறிவித்தார்கள். எங்கள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கூடுகளைத் தேடி எரிக்கச் சொன்னார். அந்தக் கதையை அம்மா போனில் சொன்னாள்.

“நம்ம சங்கத் தலைவரு இருக்காருல்ல, ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு தீப்பந்தத்தோட போனாரு.”

“கூடு கெடச்சுச்சா?”

“கெடச்சுச்சு. கூட்டுக்காரங்களும் வீட்டுலதான் இருந்தாங்க. தலைவரு கட்டியிருந்த சாரத்த விட்டுப்புட்டு ஓடியாந்தாரு!”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் சிரிப்பது கேட்டது. வழியில் போகிறவர்கள் போல என்று நினைத்தேன். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒருவரையும் கொட்டாத குளவிகளைத் தேடிப்போன தலைவரை நிஜக் குளவி கொட்டிவிட்டது என்பதுதான் அவர்களுடைய சிரிப்புக்குக் காரணம். எனக்கு அப்போது அதில் பாதிதான் தெரியும்.

அம்மா வந்த காலையில் நான் பகல் வேலையில் இருந்தேன். வலது பக்க வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. காவலாளி உள்ளே பார்த்து, “தெபரு!” என்று கத்தினார். குளவிக்குச் சிங்களச் சொல் அது. அந்த வாரங்களில் எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன கூப்பாடு. தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஆட்டோவுக்குள் அக்காவின் தோளில் சாய்ந்து அம்மா இருந்தாள். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. வியர்த்துக் கொட்டியது. இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் சிவந்து தடித்திருந்தது.

“என்னாச்சு அக்கா?”

“குளவி. காலையில மலைக்குப் போனதும் கூட்டத் தட்டிருச்சு.”

“எப்ப?”

“பெரட்டு கலைஞ்சு கொஞ்ச நேரத்துல.”

“நெஞ்சு வலி ஏதும் சொல்லுச்சா?”

“குளவி கொட்டுனா எல்லாந்தான் வலிக்கும். சும்மா கேள்வி கேக்காம உள்ள தள்ளுடி.”

அம்மாவின் முகத்தருகே குனிந்து, “குளவியாம்மா?” என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

காலையில் குளவி கொட்டியிருக்கிறது, மூச்சுத் திணறல், கைகளில் தடிப்பு என்று வைத்தியரிடம் சொன்னேன். பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. குளவி விஷம் ஏறிய உடம்பு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அவர் தயங்கவில்லை. மருந்தை எடுத்துக் கொடுத்தது நான்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் நாடி தாறுமாறாக ஓடத் தொடங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சுருண்டாள். ஈ.சி.ஜி. எடுத்தோம். தாள் வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மாரடைப்பு. குளவி கொட்டியதற்குப் போட்ட அந்த ஊசி, அடைபட்ட இதயத்தைச் சாட்டையால் அடித்து ஓடச் சொல்லும் மருந்து.

வைத்தியர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு என்னிடம் வேகமாகச் சொன்னார். குளவி விஷமே சிலருக்கு இப்படி மாரடைப்பைக் கொண்டுவரும். அப்படியானால் இது இன்று காலையில் தொடங்கியது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை இப்போதே கொடுக்க வேண்டும். ஆனால் இந்தக் கோடுகள் பழையதாகவும் தெரிகின்றன. ஓரிரு நாளுக்கு முன் தொடங்கியதென்றால் அந்த மருந்தால் பலன் இல்லை, ஆபத்துத்தான் மிச்சம்.

“எப்போது தொடங்கியது என்று சரியாகக் கேளுங்கள் மிஸ். சரியாக.”

அக்காவின் கையைப் பிடித்தேன்.

“அக்கா, இங்க பாரு. அம்மாவுக்கு வலி எப்ப வந்துச்சு?”

“அதான் சொன்னேன்ல, காலையில.”

“இப்ப ஒரு மருந்து குடுக்கப் போறாங்க. காலையில வந்த வலின்னா அது உசுரக் காப்பாத்தும். பழைய வலின்னா மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சு செத்தும் போகலாம். வெளங்குதா ஒனக்கு?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. யன்னல் வழியாக இடது பக்கத்துப் பரிசோதனைக் கூடாரத்தைப் பார்த்தாள்.

“மாதா சத்தியமா குளவிதான்டி” என்றாள்.

அம்மா கண்ணைத் திறந்தாள். “சத்தியம் போடாத புள்ள” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “முந்தாநாளு வந்துச்சு. சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற எடத்துல. வாயுன்னு நெனச்சேன்.”

“அப்ப கையில இது என்னம்மா?”

“செந்தட்டி.”

ஓடைக்கரையில் வளரும் செடி அது. இலை பட்டால் தோல் தடித்து நெருப்புப் போல எரியும். சிறுவயதில் அதில் விழுந்து நானே அழுதிருக்கிறேன். அக்கா அதைச் சாக்கால் பிடித்துப் பறித்து வந்து தேய்த்திருக்கிறாள். நெஞ்சு வலியோடு படுத்திருந்த என் அம்மா இரண்டு கைகளையும் நீட்டிக் கொடுத்திருக்கிறாள்.

வைத்தியரிடம் சொன்னேன். முந்தாநாள் மாலை, குளவி இல்லை, செடி. அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“நீங்கள் மாற்றிச் சொன்னீர்களா, அவர்கள் மாற்றிச் சொன்னார்களா?”

சுற்றி நின்ற எல்லோரும் கேட்கும்படிதான் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை.

“அவர்கள் சொன்னதைத்தான் நான் சொன்னேன். அவர்கள் சொன்னது பொய்” என்றேன்.

அக்காவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். “அம்மா இப்பிடிக் கெடக்குது, நீ எங்கள பொய்க்காரிங்கன்னு சொல்லிக் குடுக்குறியா?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள். நான் ஒக்சிஜன் முகமூடியின் வாரை அம்மாவின் காதுக்குப் பின்னால் சரிசெய்தேன்.

கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கவில்லை. கொடுக்கும் காலம் லயத்துக் காம்பராவுக்குள்ளேயே கழிந்துவிட்டிருந்தது. மற்ற மருந்துகளைக் கொடுத்து, கண்டிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார்கள். ஏற்றுவதற்கு முன் மூக்கில் குச்சி விட்டார்கள். தொற்று இல்லை என்று வந்தது.

ஆம்புலன்ஸில் வேறொரு தாதி போனாள். உறவினர் யாரும் ஏறக்கூடாது என்பது அப்போதைய விதி. அந்த விஷயத்தில் நானும் உறவினர்தான். வண்டி போன பிறகு நானும் அக்காவும் வாசல் கொட்டகையில் நின்றோம். மழை பிடித்துக்கொண்டது.

“முந்தாநாளும் பேசுனேன், நேத்தும் பேசுனேன். நல்லாயிருக்கேன்னுதானே சொல்லுச்சு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“ஒங்கிட்ட சொன்னா பரிசோதனை பண்ணச் சொல்லுவ.”

“ஆமா. சொல்லுவேன்.”

“அதான் சொல்லல. திரும்பவும் லயத்த மூடுனா யாரு சோறு போடுறது? நீயா?”

“குளவின்னு சொன்னா தப்பான ஊசி போட்டுருவாங்கன்னு தெரியாதா?”

“எத்தன பேரு குளவின்னு சொல்லி வந்து சொகமாப் போனாங்க! நாலாங் காம்பரா அத்தை ரெண்டு தடவ வந்திச்சு. நல்ல ஊசின்னு நீதானே சொன்ன? நேரா உள்ள எடுப்பாங்கன்னும் நீதானே சொன்ன?”

“நான் அம்மாகிட்ட சொன்னேன்.”

“அம்மாகிட்டயா?” அக்காவுக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. “நீ பேசுறப்ப போன இஸ்தோப்புல ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருவோம். லயத்து ஆளுக எல்லாம் வந்து குந்திரும். என்ன என்ன கேக்கணும்னு தலைவரு முன்னுக்கே அம்மாகிட்ட சொல்லிக் குடுத்துருவாரு.”

இஸ்தோப்பு என்பது காம்பராவுக்கு முன்னால் உள்ள திறந்த இடம். பத்துப் பேர் நெருக்கி உட்காரலாம்.

“எல்லா நாளுமா?”

“எல்லா நாளுந்தான். நீ அந்த மாப்பிள்ளை வீட்டப் பத்திச் சொல்லி அழுதேல்ல, அன்னைக்கு அத்தைகூட அழுதிடுச்சு. பாவம் புள்ளைன்னு சொல்லிச்சு.”

என்னைத் தேற்றுவதற்காகத்தான் அக்கா அதைச் சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. நான் கொட்டகையிலிருந்து இறங்கி உள்ளே போய்விட்டேன். வேலை நேரம் முடிந்திருக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். வைத்தியர் மேலிடத்துக்கு அறிவித்தார். அறிவிக்க வேண்டியது அவர் கடமை. குளவி கொட்டியதாக வந்தவர்களைத் தேடிச் சுகாதாரப் பரிசோதகர்கள் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலருக்குத் தொற்று இருந்தது. எங்கள் லயத்தை மறுபடி மூடினார்கள். அதன் பிறகு லயத்தில் எனக்குக் காட்டிக் கொடுத்தவள் என்று பெயர். கண்டியிலிருந்து திரும்பிய அம்மாவைப் பார்க்க எல்லோரும் பிஸ்கட்டும் மால்ட் மாவும் கொண்டு போனார்களாம். நான் முதல் விடுமுறையில் போனபோது, எனக்குப் பழக்கமானவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தலைவர் மட்டும் வழியில் நின்று, “வாங்க தாதியம்மா, இந்த முறை யாருக்கு நாடா கொண்டாந்தீங்க?” என்று கேட்டார்.

“கேள்வி சொல்லிக் குடுத்தவருக்கு” என்றேன்.

வைத்தியசாலையிலும் நிலைமை மாறியது. குளவி என்றாலும் முதலில் பரிசோதனை என்று விதி வந்தது. ஒரு மதியம் வேறொரு தோட்டத்திலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்களை லொறியில் கொண்டு வந்தார்கள். இந்த முறை நிஜமான குளவி. உதடு வீங்கி, தலைமுடிக்குள் செத்த குளவிகள் சிக்கியபடி வரிசையில் நின்றார்கள். “நெசமாக் கொட்டுச்சா?” என்று காவலாளி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். பரிசோதனை முடிவு வருவதற்குள் ஒரு பெண் வாசலிலேயே நினைவிழந்து விழுந்தாள். அவள் பிழைத்தாள். ஆனால் அவளைத் தூக்கி ஓடும்போது வைத்தியர் என்னைப் பார்த்து, “இது உண்மைதானே மிஸ்?” என்று கேட்டார். உண்மை என்றேன். முன்பு அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். லயத்தைப் பற்றி எனக்குத் தெரியும். மூடப்பட்ட லயத்தின் பசியும் தெரியும். ஒரு வீட்டுக்கு ஒரு நியாயம், ஒரு வரிசை காம்பராவுக்கு வேறு நியாயம் என்று வைத்தவர்கள்தான் இதைத் தொடங்கினார்கள். அதையெல்லாம் சொல்லிக்கொண்ட பிறகும் ஒன்று அப்படியே நிற்கிறது. தலைவர் சொல்லிக்கொடுத்த கேள்விகளில் காய்ச்சல் இருந்தது, இருமல் இருந்தது, குளவி இருந்தது. நெஞ்சு வலிக்கு என்ன செய்வார்கள் என்று ஒரு நாளும் அம்மா என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: நெஞ்சு வலியும் வலது பக்க வாசல்தான். முந்தாநாள் மாலையே வந்திருந்தால் கட்டி கரைந்திருக்கும். வார்டில் போடும்போது பரிசோதித்திருப்பார்கள், ஒன்றும் இல்லை என்று வந்திருக்கும். யாருடைய லயமும் மூடப்பட்டிருக்காது.

அவர்கள் வைத்தியசாலையை நம்பவில்லை, அது புரிகிறது. என் பேச்சை அத்தனை நம்பியவர்கள் என்னை நம்பவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

இப்போது வைத்தியசாலைக்கு ஒரே வாசல்தான். கூடாரத்தைக் கழற்றிவிட்டார்கள். வாங்குகள் நிறைந்து, ஆட்கள் மறுபடி தரையில் உட்காருகிறார்கள். நெஞ்சு வலிக்காரர்கள் முன்பை விடத் தாமதமாகத்தான் வருகிறார்கள். அம்மா உயிரோடு இருக்கிறாள். அவளுடைய இதயத்தில் பாதிக்கும் குறைவான பங்குதான் வேலை செய்கிறது. அவள் மலைக்குப் போவதில்லை, தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை. லயத்துப் படியில் பாதி ஏறி நின்றுவிட்டு மீதியை ஏறுகிறாள். மாதம் ஒருமுறை அக்கா அவளைக் கிளினிக்குக் கூட்டி வருகிறாள். நான் மாத்திரைகளைச் சரிபார்த்துப் பிரித்துக் கொடுக்கிறேன். மூவரும் கேன்டீனில் தேத்தண்ணி குடிக்கிறோம். அம்மாவும் அக்காவும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் மன்னிக்கவும் இல்லை. அம்மா கேட்பதற்குப் பதில் சொல்கிறேன். நானாக எதையும் சொல்வதில்லை.